ரெண்டாம் காவலனுக்கு முப்பத்தெட்டு

செய்த தவறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேராசிரியராக இருந்த காலத்தில், பாஸாக வேண்டிய ஒரு மனிதரை நான் வேண்டுமென்றே ஃபெயிலாக்கினேன். தெரியாமல் நடந்த பிழை இல்லை. கையெழுத்து யாருடையது என்று தெரிந்து, பேனாவை மூடி வைத்து யோசித்து, மறுபடி திறந்து செய்தேன்.

ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் அவரை எல்லோரும் ‘அரியர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்தது; ரேஷன் கடைக்காரரே அதை உபயோகித்ததில்லை. சோக நாடகம் என்ற ஒன்று உலகத்தில் தோன்றிய நாள் முதலாக அதை அவரைப்போல நேசித்தவரும் கிடையாது, அதனோடு அவரைப்போல மல்லுக்கு நின்றவரும் கிடையாது. துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஆபீஸில் கிளார்க் வேலை. மிச்ச நேரமெல்லாம் தபால் வழியில் பி.ஏ. தமிழ். மற்ற எல்லாப் பேப்பரும் எப்போதோ முடிந்துவிட்டன. நாடகப் பேப்பர் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. அவரோடு படிக்கத் தொடங்கியவர்கள் பாஸாகி, வேலைக்குப் போய், தலை நரைத்து, ‘இன்னா அரியரு, இந்த தபாவாச்சும் கரையேறுவியா?’ என்று விசாரிக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

பாடத்தில் இருந்த அந்த நாடகத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால், அதை மனப்பாடம் செய்து துன்பப்பட்டவர்கள் இப்போதும் என் முகவரியை விசாரிப்பார்கள். கதை இதுதான். கடற்கரை நாட்டு மன்னன் ஒருவன். அவன் தம்பி கப்பலில் ஊர் திரும்புகிறான். தம்பி பகைவனோடு சேர்ந்துவிட்டான் என்று சொல்லி, அமைச்சன் ஒரு பொய் முத்திரை மோதிரத்தைச் சாட்சியாகக் காட்டுகிறான். மன்னன் நம்பிவிடுகிறான், கலங்கரை விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிறான். மோதிரம் பொய் என்பது அரண்மனையில் ஒரே ஒருவனுக்குத் தெரியும். பள்ளியறை வாசலில் நிற்கும் இரண்டாம் காவலனுக்கு. நாடகம் முழுக்க அவனுக்கு ஒரே வசனம்: ‘மன்னர் துயில்கிறார், பொழுது விடியட்டும்.’ விடிகிறது. கப்பல் பாறையில் மோதி உடைந்து, தம்பி பிணமாகக் கரை ஒதுங்குகிறான். ஐந்தாம் அங்கம் முழுக்க மன்னன் புலம்புகிறான்.

இந்த நாடகத்துக்கு நான் ஒரு நோட்ஸ் எழுதியிருந்தேன். பாத்திரம், கருப்பொருள், மொழி என்று மூன்று தலைப்பு. பாத்திரம்: மன்னனின் குறை சந்தேகம். கருப்பொருள்: விதியின் வலிமை. மொழி: உவமை செறிந்தது. இவ்வளவுதான் சரக்கு, இதை அறுபது பக்கத்துக்கு நீட்டியிருந்தேன். மாணவர்கள் அதை அப்படியே விழுங்கி, அப்படியே விடைத்தாளில் கக்கினார்கள். திருத்துகிற நாங்களும், நாங்கள் எழுதியதே திரும்பி வருவதைக் கண்டு மகிழ்ந்து மார்க் போட்டோம். அதற்குக் கல்வி என்று பெயர்.

அரியர் ஒருவர்தான் அதை விழுங்க மறுத்தவர். தலைப்புகள் மூன்றையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். விதியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“வாத்யாரே, உன் நோட்ஸ்ல விதின்னு எய்திகீற. மெய்யாலுமே கேக்கறேன், இந்தக் கத நம்ம தெருவுல நடக்குமா?” என்றார் ஒருநாள் டீக்கடையில். அவர் யாரையும் ‘நீ’ என்றுதான் பேசுவார். ஜெபத்தில் ஆண்டவரையும் அப்படித்தான்.

“ஏன் நடக்காது?”

“ராஜா வூட்டு சுவரு இன்னா தடி? நாலு ஆளு தடி. அத்தொட்டுதான் உள்ள நடக்கறது வெளிய தெரில. நம்ம வூட்டு சுவரு மாரி இருந்துச்சுன்னு வை. மந்திரி மோதரத்த நீட்டிகினு நிக்கும்போதே பக்கத்து வூட்டு பச்சையம்மா தலய வுட்டு, ‘இன்னா சத்தம்? ஐய, அது கவரிங்கு மாரி கீதே’ன்னு கேட்டிருக்கும். ரெண்டாம் அங்கத்துலயே கத குளோஸ்.”

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார பாய் கேட்டார். “அப்போ மீதி மூணு அங்கத்துக்கு இன்னா பண்றது?”

“குந்தி டீ குடி. தப்பு ராஜா மேல இல்ல நைனா. வாசல்ல நின்னுகினு வாய மூடிகினு இருந்தான் பாரு, ரெண்டாம் காவலன், அந்தப் பேமானி மேல.”

நான் சிரித்தேன். அறிஞர்கள் சிரிப்பதற்கென்று ஒரு சிரிப்பு இருக்கிறது, பல் தெரியாது. அதைச் சிரித்தேன்.

நாடகத்தோடு அவர் நின்றிருந்தால் பரவாயில்லை. உலகத்தையே அந்த மூன்று தலைப்பில் அடக்கப் பார்த்தார். தெருமுனையில் நற்பணி மன்றத்துக் கரும்பலகை ஒன்று உண்டு. குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து, குடிநீர் நிறுத்தம் போன்ற சேதிகளுக்காக வைத்தது. அதில் அரியர் தினமும் காலையில், முந்தின நாள் தெருவில் நடந்ததற்குத் திறனாய்வு எழுதிவிடுவார். ‘ழ’ போடும்போது வாலை நங்கூரம் மாதிரி வளைத்து இழுப்பார். திருவொற்றியூர் பஸ்ஸில் நடந்த ஒரு சண்டைக்கு அவர் எழுதியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ‘பாத்திரம்: கண்டக்டர். நல்லவர். பசியோடு இருந்தார். கருப்பொருள்: புட்போர்டு. மொழி: பலகையில் எழுதத் தகாது.’

சாவு வீட்டையும் விட்டதில்லை. தண்டையார்பேட்டையில் ஒரு சாவு. புருஷனை இழந்த பெண் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறாள். அரியர் மாலையைப் போட்டார், கும்பிட்டார், அதோடு திரும்பி வரவேண்டியதுதானே? அந்தம்மா பக்கத்தில் குனிந்து, “மொழி ஏ ஒன்னு தாயி. ஆனா கருப்பொருளு தடுமாறுது. மொதல்ல புருசன திட்டிகினு அழுவுற, அப்பால டாக்டர, அப்பால மாமியார. எதுனா ஒண்ணுல நில்லு” என்றார். ஒரு நிமிடம் ஒப்பாரி நின்றுவிட்டது. மேளக்காரர்கள் கைவிரலை மடக்கினார்கள். ஆனால் அரியர் அடி வாங்கவில்லை. அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமியாரை மட்டும் வைத்து அழ ஆரம்பித்தாளாம். கேட்டவர்கள் உருகிவிட்டார்கள் என்று அரியர் சொன்னார். மாமியார் என்ன ஆனாள் என்று சொல்லவில்லை.

இவரோடு குடும்பம் நடத்தியவர் லூர்தம்மா. நாடகம் வேண்டாம், ஞானமும் வேண்டாம், பாஸானால் போதும் என்பது அந்தம்மாவின் கட்சி. கல்மண்டபத்து ஸ்டுடியோ ஒன்றில் பட்டமளிப்பு அங்கி வாடகைக்குக் கிடைக்கும். அரியர் ஏதோ ஒரு வருஷம், பேப்பரை நன்றாக எழுதிவிட்டதாக நம்பி, ரிசல்ட்டுக்கு முன்பே அங்கி போட்டு, கையில் சுருட்டிய காலண்டரோடு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். லூர்தம்மா அதைச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். முகம் சுவரைப் பார்க்க மாட்டினார்.

“பாஸாயிட்டு வா, திருப்பறேன்” என்றார்.

அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்தப் படத்தின் முதுகைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

கடும் தண்ணீர்ப் பஞ்சம் வந்த ஒரு கோடையில் எங்கள் தெருவுக்கு லாரி வரும். வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள் நிற்கும். ஒருநாள் பச்சையம்மாவின் குடத்தை ரெஜினா தள்ளி வைத்துவிட்டாள் என்று ஆரம்பித்த சண்டை, இரண்டு குடும்பத்தின் மூதாதையர்களையும் எழுப்பி, தலைமுடி பிடிக்கும் கட்டத்துக்கு வந்தது. என் வீடு முதல் மாடி. சண்டை நேர் கீழே நடந்தது. குடத்தைத் தள்ளியது ரெஜினா இல்லை, லாரியின் பின்சக்கரம். அதை என் ஜன்னலிலிருந்து நான் தெளிவாகப் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். ‘நமக்கு எதற்கு’ என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். சாத்தும்போது அரியர் அண்ணாந்து பார்த்தார்.

அவர் நடுவில் புகுந்து கையை விரித்தார். “ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல. நீங்கோ ரெண்டு பேரும் கருப்பொருள்ல மாட்டிகினீங்கோ!”

அவ்வளவுதான். பச்சையம்மாவும் ரெஜினாவும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு குடத்தோடு அவர் மேல் பாய்ந்தார்கள்.

“யாரப் பாத்துய்யா கருப்புன்ற?”

“பொம்பள சண்டையில இவருக்கு இன்னா வேல, கஸ்மாலம்!”

நெற்றி புடைத்து டீக்கடைக்கு வந்த அரியர், “பாத்தியா பாய்? ரெண்டு பேரும் ஒத்துமை ஆயிட்டாங்கோ. நான் மட்டும் அந்த அரமனையில இருந்திருந்தேன்னு வை…” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை மாற்றியது. பழைய பாடத்தில் அரியர் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒரே ஒரு வாய்ப்பு. அதில் விழுந்தால் முன்னால் பாஸான பேப்பர்களும் சேர்ந்து போயிற்று. அத்தனை வருஷத்து இரவுப் படிப்பும் பூஜ்யம். அவர் மகள் ஷீலாவும் தபால் வழியில் அதே படிப்புத்தான், பழைய பாடத்தின் கடைசி வரிசை. அப்பாவும் மகளும் ஒரே ஹாலில், ஒரே நாடகத்துக்குப் பரீட்சை எழுதினார்கள். ஷீலா பிறகு என்னிடம் சொன்னாள்:

“மானம் போச்சு சார். எனக்கு முன்னாடி பெஞ்சு. எழுதிகினே இருக்காரு, திடீர்னு தேம்பித் தேம்பி அழுவறாரு. சூப்பர்வைசர் ஓடியாந்து உடம்பு சரியில்லையான்னு கேக்கறாங்க. ‘தம்பி செத்துட்டான் மேடம்’ன்றாரு. அவங்க பாவம், நெசம்னு நெனச்சு தண்ணி குடுத்தாங்க.”

ஷீலா என் நோட்ஸை எழுதினாள்.

விடைத்தாள் திருத்தும் முகாமில் என் முன்னால் வந்து விழுந்த தாள்கட்டுக்குள், மூன்றாவதோ நான்காவதோ, ஒரு தாள். பெயர் இல்லை; மறைமுக எண்தான். ஆனால் ‘ழ’வில் நங்கூரம் தொங்கியது. தெரிந்தவர் தாள் என்றால் தலைமைத் திருத்தாளரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது விதிமுறை. நான் கொடுக்கவில்லை. படிக்க ஆசையாக இருந்தது.

நன்றாகத்தான் எழுதியிருந்தார். உவமைகளைப் பற்றி ஒரு பக்கம்: மன்னன் சந்தேகப்படுவதற்கு முன் கடலை ‘தாய்’ என்கிறான், சந்தேகப்பட்ட பிறகு ‘வாய்’ என்கிறான், இடையில் ஒரு முறைகூடக் கடலை ‘வழி’ என்று சொல்லவில்லை, தம்பி வருகிற வழி அதுதான் என்பதை அவன் மறந்துவிட்டான், என்று. முப்பது வருஷம் அந்த நாடகத்தை நடத்திய எனக்கு அது தோன்றியதில்லை. ஓரத்தில் டிக் போட்டேன். கூட்டிப் பார்த்தால் நாற்பத்தாறு வந்தது. நாற்பது எடுத்தால் பாஸ்.

பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். இரண்டாம் காவலனின் பாத்திரம் பற்றி எழுதியிருந்தார். ‘இவன் கெட்டவன் அல்லன். படித்தவன். எங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கிறார். கீழே சண்டை என்றால் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். சாத்திவிட்டு உள்ளே போய், எல்லாம் விதி என்று நோட்ஸ் எழுதுவார்.’

காது சூடானது. அந்த ஹாலில் ஐம்பது பேர் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தார்கள். ஐம்பது பேரும் அதைப் படித்துவிட்ட மாதிரி இருந்தது. பேனாவை மூடினேன். டீ வந்தது, குடித்தேன். மறுபடி திறந்து, முதல் பக்கத்துக்குப் போய், போட்ட மார்க்குகளை ஒன்று ஒன்றாகக் குறைத்தேன். கடலைப் பற்றிய பக்கத்தின் ஓரத்தில் ‘பொருத்தமற்றது’ என்று எழுதினேன். முப்பத்தெட்டில் நிறுத்தினேன். இன்னும் குறைத்தால் சந்தேகம் வரும் என்ற அளவுக்கு எனக்கு நிதானம் இருந்தது.

ரிசல்ட் வந்தது. ஷீலா முதல் வகுப்பு. அரியர் முப்பத்தெட்டு. தெருவே மகள் பாஸானதற்குச் சாக்லேட் வாங்கித் தின்றுவிட்டு, அப்பாவைப் பார்த்ததும் உறையைப் பாக்கெட்டில் மறைத்தது.

மறுநாள் காலை பால் வாங்கப் போனபோது கரும்பலகையைப் பார்த்தேன். ‘பாத்திரம்: நான். கருப்பொருள்: விதி. மொழி:’ என்று எழுதி, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

விதி என்று அவர் கையால் எழுதியிருந்தார். குடத்தடி வாங்கியபோதுகூட ஒப்புக்கொள்ளாத மனிதர். அதற்குப் பிறகு பலகையில் சொட்டு மருந்து மட்டும்தான் வந்தது. பஸ்ஸில் சண்டை என்றால் வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். சாவு வீட்டில் மாலையைப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார் என்று மேளக்காரர்களே கவலைப்பட்டார்கள்.

போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று அன்றே நினைத்தேன். இன்று வேண்டாம், நாளைக்கு என்றேன். ரிட்டயர் ஆகட்டும் என்றேன். ரிட்டயரும் ஆனேன். ஒரு காலையில் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது, நான் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருப்பது அந்தக் காவலனின் வசனம்தான் என்று பட்டது. பாதி மழித்த முகத்தோடு உட்கார்ந்துவிட்டேன். மீதியை மழித்துவிட்டுத்தான் போனேன். அந்த ஒழுங்கு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

லூர்தம்மா அருவாமனையில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். அரியர் கட்டிலில். சுவரில் போட்டோவின் முதுகு. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பத்தாறு, கடைசிப் பக்கம், டீ, முப்பத்தெட்டு.

முதலில் லூர்தம்மாதான் பேசினார். “யோவ், நீயெல்லாம் ஒரு பெரிய மன்சனா? அந்தப் போட்டோவ எத்தினி தபா தூசி தட்டிகீறேன் தெரியுமா? முதுவுலயே தட்டித் தட்டி என் கை தேஞ்சிபோச்சு! படிச்ச சோமாறி!” கையில் மீன்வால் இருந்தது. அதை அடுத்து என்ன செய்வார் என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கே விளங்கவில்லை என்று தோன்றியது.

அரியர் எழுந்தார். என்னை நோக்கி வந்தார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார்.

“அப்போ விதி இல்ல?”

“இல்லை.”

“நீதான்?”

“நான்தான்.”

“லூர்து! கேட்டியா? விதி இல்லியாம்! இவருதானாம்! நான் சொன்னேன்ல, மெய்யாலுமே சொன்னேன்ல?” அந்த மனிதர் கட்டிலைச் சுற்றி ஓர் ஆட்டம் ஆடினார். “மூணு வருசமா அது மேல பழியப் போட்டு பேஜாரா பூட்சி நைனா. யாரோ ஒரு ஆளு பண்ணதுதான். எப்பவும் ஒரு ஆளு பண்ணதுதான்!”

“அதுக்கு இவருக்கு மால போடுவியா?” என்றார் லூர்தம்மா.

பரிகாரம் தேடி அலைந்தேன். பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போய், நானே தவறாகத் திருத்தினேன், எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அங்கே இருந்தவர் என்னை உட்காரச் சொல்லி, மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தார் போலிருக்கிறது. “அந்தத் தாளெல்லாம் எப்பவோ அரைச்சுக் கூழாக்கியாச்சு சார். மாணவர் புகார் கொடுத்தா ஒரு செக்‌ஷன் இருக்கு. திருத்தினவரே புகார் கொடுத்தா அதுக்கு செக்‌ஷன் இல்லை” என்றார்.

புதுப் பாடத்தில் மறுபடி சேருங்கள், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அரியரிடம் கெஞ்சினேன்.

“புதுசுல அந்த நாடகம் கீதா?”

“இல்லை.”

“அப்போ எனுக்கு இன்னாத்துக்கு?” என்றார். பிறகு தாடையைச் சொறிந்துகொண்டு தீர்ப்பைச் சொன்னார். “மாதா கோயில் திருநாளுக்கு நம்ம தெருவுல அந்த நாடகத்தப் போடறோம். நான் ராஜா. நீ ரெண்டாம் காவலன். ஈட்டிய புட்ச்சிகினு தெரு மொத்தம் பாக்க நின்னு, அந்த வசனத்த உன் வாயால சொல்ற. அத்தோட சரிக்குச் சரி.”

ஒத்திகை நடந்தது. தம்பியாக ஐஸ் கம்பெனி மணி. ‘கடலே, என் அண்ணனிடம் சொல்’ என்று சாகிற வசனத்தை ஐஸ் உடைத்துக்கொண்டே அவன் பாடம் செய்ததில், பக்கத்து மார்க்கெட் முழுக்க அதைப் பாடம் செய்துவிட்டது. அரியரோ ஐந்தாம் அங்கத்துப் புலம்பலுக்காகவே பிறந்தவர். சோகமே நடக்காது என்று வாதாடிய மனிதர், அந்தப் புலம்பலை ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். பச்சையம்மா ஒத்திகையிலேயே முந்தானையை நனைத்துக்கொண்டு, “திருநா அன்னிக்கி ரெண்டு துண்டு எட்தாரணும்” என்றாள்.

திருநாள் மாலை. தேர் சுற்றி முடிந்ததும் தெருவை அடைத்து மேடை. பழைய வலையில் சீரியல் பல்பு கட்டி அரண்மனை. முன் வரிசையில் பங்குச் சாமியார். எனக்கு அட்டைக் கவசம். வேட்டி மட்டும் என்னுடையது. மன்னன் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுக் கட்டிலில் படுத்தார். முதல் காவலன் போய்விட்டான். நான் தனியாக, ஈட்டியோடு. எதிரே என் வீட்டு ஜன்னல் தெரிந்தது. சாத்தியிருந்தது.

‘மன்னர் துயில்கிறார்.’ இது வந்துவிட்டது. அடுத்த இரண்டு சொல் வரவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது என்றால் பொய். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லமாட்டேன் என்று நின்றது.

படுத்திருந்த மன்னன் ஒரு கண்ணைத் திறந்தார். “விடியட்டும்னு சொல்லுய்யா.”

“மாட்டேன்.”

“டபாய்க்காத வாத்யாரே, சொல்லு!”

ஈட்டியைக் கீழே போட்டேன். கட்டிலுக்குப் போய் அவரைப் பிடித்து உலுக்கினேன். “மன்னா, எழுந்திரும்! மோதிரம் பொய்! நான் பார்த்தேன்! விளக்கை ஏற்றச் சொல்லும்!”

ரெஜினா எழுந்து, “எய்ந்திரிய்யா! பெரிய மன்சன் சொல்றாருல்ல!” என்று கத்தினாள். தெரு மொத்தமும் கத்தியது. டீக்கடை பாய் தன் கடை டார்ச்சையே மேடைமேல் அடித்துக் கலங்கரை விளக்கை ஏற்றிவிட்டார். அரியர் எழுந்து உட்கார்ந்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். வாழ்நாள் முழுக்கச் சொன்ன தத்துவம் கண்ணெதிரே ஜெயித்துவிட்டது. வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த ஐந்தாம் அங்கம் கைவிட்டுப் போய்விட்டது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மகுடத்தைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

கப்பல் பத்திரமாக வந்து சேர்ந்தது. மணி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கரையில் இறங்கி, அண்ணனைக் கட்டிப்பிடித்து, “இவ்ளோ நாளு பாடம் பண்ணிகீறேன், வுட மாட்டேன்” என்று காதில் சொல்லிவிட்டு, சந்தோஷம் தாங்காமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாக ஆரம்பித்தான். சாமியார் எழுந்து, “போதும்பா, போதும், பிழைச்சுக்கோ” என்று சொன்ன பிறகுதான் விட்டான்.

பச்சையம்மாவுக்குக் கோபம். “அய்வலாம்னு ரெண்டு துண்டு எட்தாந்தேன். இன்னாய்யா நாடகம் இது, ஒரு சொட்டு இல்ல!”

கூட்டம் கலையும்போது மன்னன் மேடை விளிம்புக்கு வந்து, என்னைக் காட்டி, மைக்கே இல்லாமல் தெருவுக்கு அறிவித்தார். “ரெண்டாம் காவலன். பாத்திரம் நல்லாகீது. கருப்பொருள ஒட்ச்சிட்டான். வசனத்த முய்ங்கிட்டான். முப்பத்தெட்டு! ஃபெயிலு!”

ஜென்மத்தில் நான் வாங்கிய முதல் அரியர் அது. லூர்தம்மா அன்று ஸ்டுடியோக்காரர் எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டினார், மகுடத்தோடு அரியர். முகம் இந்தப் பக்கம் பார்க்க. “பட்டம் இல்லாங்காட்டி இன்னா” என்றார் என்னைப் பார்க்காமல். ஆனால் எனக்கும் டீ வந்தது. மீன் வாசனையோடு வந்தது.

இப்போது நான் மகனோடு ஊரின் மறுகோடியில், அடுக்குமாடியில் இருக்கிறேன். சுவர்கள் நல்ல தடி. யாருடைய சண்டையும் யாருக்கும் தெரியாமல் கட்டியிருக்கிறார்கள். போன வாரம் ஜன்னல் வழியாக, பக்கத்து வீட்டில் பாத்திரம் உருள்கிற சத்தம், ஒரு பெண்ணின் குரல். ஜன்னலைச் சாத்தக் கை போனது. திரும்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

இளம் ஜோடி. “யார் சார் நீங்க?” என்றான் பையன்.

“இன்னா சத்தம்?” என்றேன். என் வாயில் அது அப்படித்தான் வந்தது. “பக்கத்து வீடு. ரெண்டாம் காவலன்.”

இருவரும் சண்டையை மறந்து என்னை முறைத்தார்கள். ஒற்றுமையாக முறைத்தார்கள். கதவைச் சாத்தினார்கள். அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

வீட்டுக்கு வந்து அரியருக்குப் போன் போட்டுச் சொன்னேன். பாத்திரம், கருப்பொருள், மொழி என்று வரிசையாக விசாரித்தார்.

“சண்ட இன்னா மொழில?”

“இங்கிலீஷ்.”

“சரி. முப்பத்தொம்பது போட்டுக்கோ.”

“இன்னும் ஒரே ஒரு மார்க்குதானே, போட்டுவிட்டால் என்ன?”

அவர் லாரிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார்.

“போட்டுட்டா அப்பால நீ எதுக்கு போன் பண்ணப்போற வாத்யாரே?”